கேட்டுவிட்டு ஏறுங்கள்

நம்மைப் போன்ற குடும்பப் பெண்களுக்கு உல்லாசப் பயணம் என்றால் என்ன? வீட்டு வேலையை வேறு ஊரில் போய்ச் செய்வது! விடியற்காலையில் எழுந்து புளியோதரை கட்டி, பிள்ளைகளின் மாற்றுத் துணியை எண்ணி வைத்து, திரும்பி வந்து அத்தனையையும் துவைத்துப் போடுவதற்குள் 'ஏன்தான் போனோமோ' என்று ஆகிவிடும். அதனால்தான் ஆலப்புழையின் வீட்டுப் படகைப் பற்றி உங்களுக்கு எழுத ஆசைப்பட்டேன், சகோதரிகளே. ஹவுஸ்போட் என்கிறார்களே, அதுதான். ஓட்ட ஆள், கயிறு கட்ட ஆள், சமைக்க ஆள் எல்லாரும் படகிலேயே இருக்கிறார்கள். உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது ஒன்றுதான் நம் வேலை.

பொங்கல் கழிந்த வாரம் எங்கள் சிலமலையிலிருந்து ஐந்து பெண்கள் போய்வந்தோம். எங்களில் ஒருத்தியின் இரண்டு பிள்ளைகளும் கூட வந்தார்கள். பெரியவனுக்கு ஏழு வயசு, சின்னவளுக்கு நாலு. முதல் நாளே வேன் பிடித்து கம்பம், குமுளி, கோட்டயம் வழியாகப் போய் ஆலப்புழையில் தங்கிவிட்டோம். மலைப் பாதை வளைவுகளில் வயிற்றைப் புரட்டும் என்பதால் எண்ணெய்ப் பலகாரம் தவிர்த்து, ஆளுக்கு இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

எங்களோடு வந்த டீச்சரம்மாவைக் கிளப்பியதுதான் பெரும்பாடு. 2009-க்குப் பிறகு அவர் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. போடி, கம்பம் பக்கத்து ஜனங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தேக்கடி ஏரி நமக்கு அந்நியமா என்ன? 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் தேங்கும் தண்ணீர்தான் அது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்வதும் அதுதான். அந்த ஏரியில் 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். விலங்குகளைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கமாகப் போனபோது படகு சாய்ந்தது என்றார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு.

"நான் வர்றேன். ஆனா படகுக்காரர்கிட்ட நாலு கேள்வி கேட்பேன். பதில் சரியில்லேன்னா கரையிலேயே உட்கார்ந்துக்குவேன்" என்றார் டீச்சரம்மா. என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். "காசு கொடுத்து ஏறுறீங்க. போலீஸ்காரர் மாதிரி விசாரணை எதுக்கு?" என்றார்.

காலை பதினோரு மணிக்குப் படகுத்துறைக்குப் போனோம். படகு ஓட்டுகிறவரை அங்கே ஸ்ராங்கு என்கிறார்கள். நல்ல வயசாளி. டீச்சரம்மா நிதானமாகக் கேட்டார்: "இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம்? லைசென்ஸ் எங்கே மாட்டியிருக்கிறது? லைப் ஜாக்கெட் எத்தனை இருக்கிறது? பிள்ளைகளுக்குச் சின்ன அளவில் உண்டா?"

ஸ்ராங்கு முகம் சுளிக்கவில்லை. சட்டம் போட்டு மாட்டியிருந்த லைசென்ஸைக் காட்டினார். இருக்கைக்கு அடியிலிருந்து ஜாக்கெட்டுகளை எடுத்து அடுக்கினார். பெரியவர்களுக்கு வேண்டிய மட்டும் இருந்தன. பிள்ளைகள் அளவுக்கு ஒன்றுகூட இல்லை. பெரிய ஜாக்கெட்டை நாலு வயசுக் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தால், தோளைப் பிடித்துத் தூக்கியதும் காதுக்கு மேலே ஏறிவிட்டது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், குழந்தை நழுவிக் கீழே போய்விடும். ஸ்ராங்கு பக்கத்துப் படகுக்காரரைக் கூப்பிட்டு இரண்டு சின்ன ஜாக்கெட் வாங்கி வந்தார். "பேடிக்கண்டா, சேச்சி" என்று டீச்சரம்மாவிடம் சொன்னார். பயப்பட வேண்டாம் அக்கா என்று அர்த்தம். மொத்தம் பத்து நிமிஷம்தான் ஆயிற்று. கேட்காமல் ஏறியிருந்தால் அந்த இரண்டு சின்ன ஜாக்கெட்டும் பக்கத்துப் படகிலேயே கிடந்திருக்கும்.

அதன் பிறகு வந்த சுகத்தை என்னவென்று சொல்ல! இந்தப் படகுக்கு மூலம் கெட்டுவள்ளம். ஆணி அடிக்காமல், ஆஞ்சிலிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டுவார்களாம். ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லைக் கழி ஊன்றியும் பாய் விரித்தும் ஏற்றிப்போன வள்ளங்கள். லாரியும் பாலமும் வந்தபின் வேலையில்லாமல் நின்றவற்றுக்கு 1990-களில் கூரையும் அறையும் வைத்துச் சுற்றுலாவுக்கு விட்டார்கள்.

வாய்க்கால் வழியே போகும்போது ஓர் அதிசயம் பார்த்தோம். வயல் நம் காலுக்குக் கீழே இருக்கிறது, தண்ணீர் மேலே இருக்கிறது! குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் தாழ்வான நிலத்தில் வரப்புக் கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி நெல் விளைவிக்கிறார்கள். மலைச் சரிவில் ஏலச்செடி பார்த்தே பழகிய எங்கள் கண்ணுக்கு அந்தப் பச்சை புதுசாக இருந்தது. கரையோரம் பெண்கள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்கள். வேலையை விட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, நாம் மட்டும் உட்கார்ந்திருக்கிறோமே என்று.

மதியம் படகைக் கரையில் கட்டிவிட்டுச் சாப்பாடு போட்டார்கள். சிவப்பரிசிச் சோறு, புளிசேரி, முட்டைக்கோஸ் தோரன், வாழையிலையில் சுட்ட கரிமீன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகக் கடைசிப் பந்தியில் ஆறின சோறே சாப்பிட்ட என் மதினி, முதல் ஆளாக உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டாள். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று ஒருவர் அவளைக் கேட்கிறாரே! அவள் கண் கலங்கியதை நாங்கள் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டோம்.

டீச்சரம்மா காலையில் படகின் நடுவில், தூணைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு வேம்பநாட்டுக் காயலின் அகலமான பரப்புக்கு வந்தபோது பார்த்தால், முன்பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். ஜாக்கெட் மட்டும் கழற்றவில்லை. மடியில் சின்னவள் தூங்குகிறாள். பயத்தை யாரும் கேலி செய்து போக்க முடியாது சகோதரிகளே. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தால் அது தானாக அடங்கும்.

இதே வேம்பநாட்டுக் காயலில் 2002 ஜூலை 27-இல் கூட்டம் நிறைந்த படகு முழுகி 29 பேர் இறந்தார்கள். 2023 மே 7-இல் தானூரில், இருட்டிய நேரத்தில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், பலர் குழந்தைகள். படகு மட்டுமா? ஏலத்தோட்ட வேலைக்கு நம் பெண்கள் போடிமெட்டு ஏறும் ஜீப்பிலும் எத்தனை பேர் நெருக்கி உட்காருகிறோம்! 'கேட்டால் தப்பாக நினைப்பார்களோ' என்ற கூச்சம்தான் எல்லா இடத்திலும் நம் வாயைக் கட்டுகிறது.

நீங்கள் போகும்போது இவற்றை மறக்காதீர்கள். அனுமதித்த எண்ணிக்கையைக் கேளுங்கள். கைக்குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணுங்கள். ஜாக்கெட்டைப் போட்டு எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மேலே ஏறினால் அளவு சரியில்லை. கால்வழி வார் இருந்தால் பிள்ளைகளுக்குக் கட்டாயம் மாட்டுங்கள். புடவை நனைந்தால் காலைச் சுற்றும். அன்றைக்கு ஒரு நாள் சுடிதார் போட்டால் குற்றமில்லை. கொக்கைக் கண்டாலும் யானையைக் கண்டாலும் எல்லாரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். பொழுது சாய்வதற்குள் கரை சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் அடுத்த முறை ஆண்களும் வருவதாகச் சொல்கிறார். தாராளமாக வரட்டும். ஜாக்கெட் போட்டுக்கொள்ளச் சம்மதித்தால்தான் இடம் என்று டீச்சரம்மா சொல்லிவிட்டார்!