பழைய பீரோவின் முதுகைப் பாருங்கள்!

வீட்டில் கல்யாணம், புதுமனை புகுவிழா என்று வந்துவிட்டால் நமக்கு முதல் தலைவலி மரச்சாமான்தான், இல்லையா சகோதரிகளே? புதுத் தேக்கில் ஒரு பீரோ என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், மயக்கமே வந்துவிடும். கையைக் கடிக்காமல் இருக்கட்டும் என்று ஒட்டுப்பலகையில் வாங்கினாலோ, இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் ஓரமெல்லாம் உப்பி, கீல் கழன்று கதவு ஒரு பக்கமாகத் தொங்குகிறது.

என் மதினி மகள் போன தை மாதம் இங்கே பரவையிலேயே தனிக்குடித்தனம் வந்தாள். கைக்குழந்தைக்காரி. "அத்தை, ஒரு பீரோ, ஒரு மேஜை, பிள்ளைக்கு ஒரு தொட்டில். பழசா இருந்தாலும் பரவாயில்ல, மரமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். மதினி, அவள், நான் மூன்று பேருமாக ஒரு சனிக்கிழமை காலையில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி போய் இறங்கினோம்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். பழஞ்சாமான் கடைகளுக்குப் பேர் போன தெரு. உள்ளே போனால், அப்பப்பா! ஒரு பக்கம் கதவும் நிலையும் அடுக்கி நிற்கின்றன. இன்னொரு பக்கம் தூண்கள். பல்லாங்குழி, மர அஞ்சறைப்பெட்டி, எனாமல் தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, சாமி படம் என்று தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் சாமான்தான். முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும்.

அந்த வறண்ட சீமைக்கு இத்தனை தேக்கு எப்படி வந்தது தெரியுமா? 1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. அங்கே நெல் விவசாயம் பெருகப் பெருக, விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கும் தொழிலில் நகரத்தார்கள் ஊன்றினார்கள். சம்பாத்தியம் செட்டிநாட்டில் வீடாக எழுந்தது, அந்த வீடுகளுக்கு வேண்டிய தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது, போட்டது போட்டபடி திரும்பி வந்தவர்கள் ஏராளம். வரவு நின்றது. வீடோ பத்துப் பதினைந்து பங்காளிகளுக்குப் பொது. ஓடு மாற்ற யார் பணம் போடுவது? வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்து, கடைசியில் சில வீடுகளை இடித்து நிலை, உத்தரம், கட்டில், பெட்டகம் என்று தனித்தனியாக விற்றார்கள். செட்டிநாட்டு ஊர்களை 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். பெருமைதான். ஆனால் பட்டியலில் பேர் இருந்தால் ஒழுகுகிற கூரை தானே சரியாகிவிடுமா?

ஒரு கடையில் பித்தளைப் பட்டை அடித்த பெட்டகம் ஒன்று இருந்தது. மூடியின் உள்பக்கம் மூன்று இனிஷியல் எழுத்து வெட்டியிருந்தது. பாத்திரம் பண்டத்தில் எழுத்து வெட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். மதினி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எந்த மகராசிக்குச் சீரா வந்ததோ, இங்க வந்து கெடக்கு" என்றாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே இருபத்தெட்டாயிரம் என்றார்.

எனக்கு எங்கள் தெரு நினைவுதான் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன், சைக்கிளில் வந்த ஒரு பழஞ்சாமான் வியாபாரி, தனியாக இருக்கும் ஒரு பெரியம்மாவிடம் இதே மாதிரி பெட்டகத்தை மூவாயிரத்துக்குக் கேட்டு, "செல் அரிச்சுப்போச்சு பாட்டி, விறகுக்குத்தான் ஆகும்" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார். அரித்திருந்தது அடிக்கட்டை ஒன்று மட்டும். அந்தம்மாளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த சாமான் என்று மிச்சம் இருந்ததே அதுதான். வாங்கப் போகிறவளுக்கு மட்டுமல்ல, விற்கிறவளுக்கும் மரம் பார்க்கத் தெரியவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மரம் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முகப்பைப் பார்க்காதீர்கள். பாலிஷ் போட்டால் எந்தக் கழுதையும் குதிரையாகத் தெரியும்! பீரோவைச் சுவரிலிருந்து இழுத்துப் போடச் சொல்லி முதுகைப் பாருங்கள். இழுப்பறையை முழுவதும் உருவி அடியைப் பாருங்கள். அங்கேதான் பாலிஷ் போட்டிருக்க மாட்டார்கள். கையால் இழைத்த பலகையில் விரலை ஓட்டினால் இலேசாக மேடும் பள்ளமும் தெரியும், மிஷினில் இழைத்தது கண்ணாடி மாதிரி இருக்கும். பழைய ஆசாரிமார் இழுப்பறையின் மூலையை, இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல வெட்டிப் பொருத்தியிருப்பார்கள். அங்கே வெறும் ஆணி அடித்திருந்தாலோ, முதுகில் ஒட்டுப்பலகை இருந்தாலோ, கூட்டல் குறி போட்ட தலையுள்ள ஸ்குரூ பளபளத்தாலோ அது பிறகு கைவைத்த சாமான். கைவைத்ததே குற்றம் என்று சொல்லமாட்டேன். பழைய உத்தரத்தை அறுத்துப் புதிதாகச் செய்த மேஜையும் நல்ல மேஜைதான். ஆனால் அதற்கு நூறு வருட விலை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது பூச்சி. சின்னச் சின்ன ஓட்டை இருந்தால் பதறவேண்டாம். ஓட்டைக்குக் கீழே மைதா மாதிரி புதுத் தூள் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள், தட்டிப் பாருங்கள். தூள் கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பழைய ஓட்டை, தூள் இல்லை என்றால் அது எப்போதோ வந்து போனது. மரத்தின் வெளிப்பக்க வெள்ளைப் பகுதியில்தான் இந்த வண்டு சாதாரணமாக இறங்கும். வைரம் பாய்ந்த தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, பூச்சி எளிதில் தொடாது. அந்தப் பெரியம்மாவின் பெட்டகத்தில்கூட ஒரு கட்டையை மட்டும் மாற்றியிருந்தால் போதும்.

"எல்லாமே பர்மா தேக்கும்மா" என்பது அங்கே ஒரு மந்திரம். பர்மாக்காரர்கள் 2014 ஏப்ரலிலிருந்து மரத்தை அப்படியே உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டார்கள். இன்று புதிதாக அறுத்து வரும் தேக்கில் கானா, எக்குவடார் போன்ற தூர தேசத்துத் தோட்டங்களில் வளர்ந்ததும் நிறைய உண்டு. ஆகவே புது மேஜையைக் காட்டி யாராவது பர்மா என்று அடித்துச் சொன்னால், "எந்த வீட்டு உத்தரம்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

இனி, பிள்ளை பெற்றவர்கள் கொஞ்சம் நின்று படிக்கவேண்டிய இடம். மதினி மகள் ஆசைப்பட்டு ஓடிப் போய்த் தொட்டது பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு தொட்டில். பெயிண்ட் உரிந்து செதில் செதிலாக நின்றது. "அதை விட்டுடு தாயி" என்று கையைப் பிடித்து இழுத்தேன். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்ததில் என்ன இருந்தது என்று யார் கண்டது? தவழுகிற பிள்ளை கம்பியைச் சப்பும், செதிலை வாயில் போடும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து நாமே பெயிண்டை எடுத்துவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், அந்தத் தூசிதான் வினையே. பெயிண்ட் அடித்த சாமானைத் தவிர்த்து, வெறும் மரமாக இருப்பதை எடுப்பதே உத்தமம்.

தொட்டிலில் இன்னொன்று. கம்பிகளுக்கு நடுவில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் வேண்டவே வேண்டாம். குழந்தையின் உடம்பு நழுவிப் போய்த் தலை மாட்டிக்கொள்ளும். ஒரு குளிர்பான டின்னை வைத்துப் பாருங்கள், உள்ளே நுழைந்தால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். அழகுக்கு ஆசைப்பட்டு உயிரோடு விளையாடுவதா? நம் வீட்டுச் சேலைத் தூளிக்கு என்ன குறைச்சல் என்று மதினியும் ஒரு போடு போட்டாள். தொட்டில் ஆசை அத்தோடு முடிந்தது.

கட்டில் வாங்குகிறவர்கள் மூட்டைப்பூச்சியை மறந்துவிடக்கூடாது. கால் பொருந்துகிற பொந்து, நாடா ஆணி அடித்த இடம் இங்கெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி இருந்தால் பூச்சி குடியிருந்த அடையாளம். வாங்கியே தீரவேண்டும் என்றால் முற்றத்தில் கழற்றிப் போட்டு, கொதிக்கிற வெந்நீரைப் பொந்துகளில் ஊற்றி, நிழலில் காயவைத்த பிறகுதான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

நாங்கள் எடுத்தது ஒரு பீரோ, ஒரு மேஜை. மேஜையில் காலெல்லாம் தேக்கு, மேல்பலகை பலா. மஞ்சளோடிய பலாவைத் தேக்கு என்று சொல்லித்தான் விலை சொன்னார்கள். "அண்ணே, இது பலா, எங்க வீட்டுக் கொல்லையிலயும் இருக்கு" என்றேன். இரண்டாயிரம் இறங்கினார்! பேரம் பேசக் கூச்சப்படாதீர்கள். புறப்படும் முன்பே வீட்டு வாசல் அகலம், மாடிப்படித் திருப்பம் இரண்டையும் டேப்பால் அளந்து எழுதி எடுத்துப் போயிருந்தோம். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் கட்டிலை வாங்கிவிட்டு, இது வீட்டுக்குள் போகுமா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டி வாடகையையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். எங்களுக்குக் குட்டியானை வண்டிதான் வந்தது, மதுரைக்கு வருகிற இன்னொருவர் சாமானையும் ஏற்றியதால் வாடகையில் பாதி மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய மரத்தை நேர் வெயிலில் போடாதீர்கள், வெடித்துவிடும். நிழலில் கதவைத் திறந்து நாலு நாள் காற்றாட விட்டு, ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் வாடை போய்விடும். சிறு பிள்ளை இருக்கிற வீட்டில் பீரோவின் மேல்பக்கத்தை இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு ஸ்குரூ போட்டுப் பிடித்துவிடுங்கள். இழுப்பறையைப் படிக்கட்டாக்கி ஏறுகிற பிள்ளைமேல் பீரோ சாய்ந்தால் என்ன ஆகும், சொல்லவும் வாய் கூசுகிறது.

சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அண்ணி, எனக்கும் ஒரு செதுக்குச் சிலை மரத்துல வாங்கி அனுப்புங்க" என்கிறாள். 1972-ம் வருடத்துச் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனிப்பட்டவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தேரிலிருந்தும் கோயிலிலிருந்தும் பெயர்த்த மரச்சிற்பமும் அந்தக் கடைகளுக்கு வந்துவிடுவது உண்டு, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதில் கைவைக்க எனக்கு மனசில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு பல்லாங்குழி தருகிறேன், விளையாடு என்று சொல்லியிருக்கிறேன்.