அழித்துக் கொடுத்தால் ஐநூறு

ஜமுனாமரத்தூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், என் கவுண்டரில் பென்ஷன் பாஸ்புத்தகத்தோடு ஒரு செய்தித்தாள் பொட்டலத்தையும் நீட்டினார். உள்ளே ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. அட்டை இல்லை. தலைப்புப் பக்கம் சேர்ந்த முதல் பாரம், பதினாறு பக்கமும், இல்லை. முதுகைச் செல் அரித்திருந்தது. மிச்சத்தை ஜவ்வாது மலையின் ஈரம் பார்த்துக்கொண்டது. "தம்பி, இது என்ன பெறும்?" என்றார். முதல் பதிப்புகள் சேகரிக்கும் சென்னை இலக்கிய அன்பர் ஒருவர் முன்பே விலை சொல்லியிருந்தாராம்: இருநூறு ரூபாய். ஓரங்களிலுள்ள பென்சில் எழுத்தை ரப்பரால் சுத்தமாக அழித்துக் கொடுத்தால் ஐநூறு.

இந்த முந்நூறு ரூபாய் வித்தியாசத்தைப் பற்றித்தான் என் சண்டை.

பென்சில்காரர் ஆசிரியரின் தந்தை. சிவகங்கைப் பக்கத்திலிருந்து பினாங்கு போய் வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தவர். ஜப்பானியர் காலத்தை அங்கே கழித்தவர். நாவலின் மலாய்ச் சொற்களுக்கு அவர் பொருள் எழுதியிருக்கிறார். ஓரிடத்தில் ஆசிரியரோடு சண்டை போட்டிருக்கிறார். இன்னோரிடத்தில் ஒரு கூட்டல் கணக்கு: கையிருப்பாக வைத்திருந்த ஜப்பானிய வாழைமர நோட்டுகள், 1945க்குப் பிறகு அடுப்பெரிக்க மட்டும் உதவிய அந்தக் காகிதம். கணக்கின் கீழே ஒரு கோடு, அதன் கீழே பூஜ்யம். பினாங்கையும் மெடானையும் களமாகக் கொண்ட ஒரு நாவலின் ஓரத்தில், அந்தக் காலத்தை வாழ்ந்தவன் போட்ட பூஜ்யம். அதைத்தான் நம் அன்பர் அழுக்கு என்கிறார்.

இந்த ரசனை எங்கிருந்து வந்தது என்பது ஒன்றும் ரகசியமில்லை. 1925இல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி'யின் முதல் பதிப்பு மேலுறையோடு கிடைத்தால் ஒரு விலை, உறையில்லாமல் கிடைத்தால் அதில் ஒரு சிறு பங்கு. நாவலைவிட நாவலைச் சுற்றிய காகிதம் உசத்தி. அது அவர்கள் சந்தை, அவர்கள் பணம். ஆனால் அதே ஆங்கிலத்தில், கோலரிட்ஜ் பிறர் புத்தகங்களில் கிறுக்கியதெல்லாம் ஆறு தொகுதிகளாக வந்திருக்கிறது. இந்தப் பாதியை நம்மவர்கள் இறக்குமதி செய்யவில்லை. 'அவர் கோலரிட்ஜ், இவர் வட்டிக்கடை அடுத்தாள்' என்று பதில் வரும். வரட்டும். இந்த நாவலைப் பொறுத்தவரை அடுத்தாளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

நான் வங்கிக்காரன். சிதைந்ததை மதிப்பிடுவது என் அன்றாடம். ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கிழிந்த நோட்டுக்கு ரிசர்வ் வங்கி விதி உண்டு: 80 சதவீதப் பரப்பு ஒரே துண்டாக இருந்தால் முழுத் தொகை, 40க்கு மேல் இருந்தால் பாதி, அதற்கும் கீழே ஒன்றுமில்லை. ஒரு நோட்டும் இன்னொன்றும் ஒன்றே என்பதால் அளவுகோல் வைத்து அளக்க முடிகிறது. நாவலில் எந்தப் பதினாறு பக்கம் போயிற்று என்பதல்லவா கேள்வி! தவிர, எங்கள் கவுண்டரில்கூட, கிறுக்கிய நோட்டு செல்லும்.

அன்பரின் வியாபார புத்தியையாவது மெச்சலாம் என்றால் அதுவும் முடியவில்லை. இது முதல் பதிப்பு என்பதற்கு என்ன சாட்சி? பதிப்பு விவரம் போன பாரத்தோடு போயிற்று. அச்செழுத்து பழைய 'லை', 'னை'. 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குப் பின்னும் அதே எழுத்தை ஓட்டிய அச்சகங்கள் உண்டு என்பதால் அது மட்டும் போதாது. கடைசிப் பக்கத்தில், கதை முடிந்த இடத்தில், பென்சிலால் ஒரு தேதி: படித்து முடித்தது 1973 தை. கலைஞன் பதிப்பகம் நாவலை வெளியிட்டது 1972இல். அன்பர் ரப்பரால் அழிக்கச் சொன்னவற்றில் இந்தத் தேதியும் ஒன்று.

அந்த 1973இல் நம் விமர்சகர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. தினத்தந்தியில் வேலைபார்த்து, மதுரையில் தனியாக வாழ்ந்து, 1997இல் செத்துப்போனார் சிங்காரம். நாவலை இவர்கள் கண்டுகொள்ளவே வெகுகாலம் ஆயிற்று. இன்று முதல் பதிப்பு வேட்டையாடுபவர்களில் எத்தனை பேர், அதை மறுபதிப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டிருக்கிறார்கள்? புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் அந்த வேலையைச் செய்தார். நாவல்களுக்கு அப்படிச் செய்பவர் யார்? ஒப்பிடாதவனுக்கு முதல் பதிப்பு அலமாரிச் சாமான்.

ஆசிரியரிடம் விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அவருக்குப் பணத்தேவை இருக்கிறது, கண் ஆபரேஷன். ரப்பரை மட்டும் தொடாதீர்கள் என்றேன். யோசித்துவிட்டு, ஒரு மாதம் வைத்திருங்கள் தம்பி என்று புத்தகத்தை என்னிடமே விட்டுப்போனார். குறிப்புகளை நோட்டில் பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி வந்திருக்கிறது, சில இடங்களில் பென்சில் மங்கிப் படிக்க முடியவில்லை.

1972 பதிப்பை முழுதாக வைத்திருக்கும் நண்பர்கள், அந்த முதல் பதினாறு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பவும். தபால் செலவு என்னுடையது.