கரையிலிருந்து வரும் மின்சாரம்

வெளிநாட்டவர் ஒருவரின் பாய்மரப் படகில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் மடல் விடுத்துள்ளார். அமெரிக்காவில் கட்டப்பட்ட அப்படகு அட்லாண்டிக்கைக் கடந்து, பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ் எனத் துறை துறையாகச் செல்லவிருக்கின்றதாம். "ஒவ்வொரு துறையிலும் பொருந்தும்படி எந்த அடாப்டர்களை வாங்கி வைப்பது?" என வினவுகிறார். வீட்டில் இருப்போருக்கும் பயன்படும் வினா என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாய் விரித்துச் செல்லக் காற்றுப் போதும். ஆனால் படகினுள் விளக்கு, குளிர்பெட்டி, நீரேற்றி, பேட்டரி எல்லாம் உண்டு. எனவே துறையில் கட்டியதும், அங்குள்ள குட்டைத் தூணின் சாக்கெட்டிலிருந்து தடித்த கேபிள் வழியே மின்சாரம் எடுத்துக்கொள்வர். இதுவே கரை மின்சாரம்.

அடாப்டர் என்பது பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்சாரத்தை மாற்றாது. நம் வீடுகளில் 15 ஆம்பியர் இஸ்திரிப் பெட்டியை ஒரு மாற்றுப் பிளக்கின் துணையோடு 5 ஆம்பியர் சாக்கெட்டில் செருகிவிட்டு, சாக்கெட் கருகியதும் கடைக்காரரை ஏசுகிறோமே, அதே பிழைதான் கடலிலும் நிகழ்கிறது.

அமெரிக்கத் துறைகளில் சிறு படகுகளுக்கு வழங்கப்படுவது பெரும்பாலும் 120 வோல்ட், 30 ஆம்பியர், 60 ஹெர்ட்ஸ். செருகித் திருகிப் பூட்டும் பிளக் அங்கே வழக்கம். ஐரோப்பாவிலோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நீல நிற, வட்ட வடிவ, மூன்று முனைப் பிளக். பொதுவாக 16 ஆம்பியர், பெரிய படகுகளுக்கு 32. பெருக்கிப் பார்த்தால் முன்னது 3600 வாட், பின்னது 3680 வாட். கணக்கு ஏறத்தாழ ஒன்றாக வருவதே பலரை ஏமாற்றிவிடுகிறது. 120 வோல்ட்டுக்கெனச் செய்த வெந்நீர்க் கொதிகலனை 230 வோல்ட்டில் இணைத்தால், அது ஏறக்குறைய நான்கு மடங்கு வெப்பத்தைக் கக்கும். படகு தீக்கிரையாக அது போதும்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்துவிடலாம் என்பர். குறைக்கலாம், ஆனால் ஹெர்ட்ஸ் மாறாது. 60 ஹெர்ட்ஸுக்கான மோட்டார் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுழன்று சூடேறும். ஆகவே என் கருத்தில் இச்சகோதரர் முதலில் வாங்க வேண்டியது அடாப்டரே அன்று. இரு வகை வோல்ட்டையும் இரு வகை ஹெர்ட்ஸையும் ஏற்கும் பேட்டரி சார்ஜர். கரை மின்சாரம் அதற்கு மட்டும் செல்லட்டும். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாகப் படகுக்குரிய 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கிடைத்துவிடும். அதன்பின் நீல பிளக் பொருத்திய 230 வோல்ட் கேபிள் ஒன்றும், வீட்டுச் சாக்கெட் மட்டுமே உள்ள சிறு துறைகளுக்கென ஓர் அடாப்டரும் இருந்தால் பெரும்பாலான இடங்களில் சமாளிக்கலாம். பழைய அமெரிக்கக் கேபிளின் முனையில் நீல பிளக்கை மாட்டி எடுத்துச் செல்லும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

சாக்கெட்டின் வடிவம் 16 ஆம்பியர் எனக் காட்டினாலும், தூணுக்குள் உள்ள பிரேக்கர் 6 ஆம்பியராகவும் இருக்கலாம். 6 ஆம்பியர் என்றால் 1380 வாட்தான். எனவே துறைக் காவலரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே செருக வேண்டும். மாறாக, தூணின் பிரேக்கர் பெரிதாகவும் நம் கேபிள் மெல்லியதாகவும் இருந்தால், கேபிளில் கோளாறு நேரும்போது பிரேக்கர் விரைந்து துண்டிக்காது, கேபிள் எரியும். அத்தகைய இடத்தில், தனக்கென பிரேக்கர் உள்ள அடாப்டரே தக்கது.

ஐரோப்பாவின் சில வீட்டுச் சாக்கெட்டுகளில் பிளக்கை எப்பக்கமாகவும் திருப்பிச் செருகலாம். அப்போது பேஸும் நியூட்ரலும் இடம் மாறக்கூடும். சுவிட்சை அணைத்த பின்னும் கருவியில் மின்சாரம் நிற்கும். இதைக் காட்டும் சிறு விளக்குக் கருவி மலிவாகவே கிடைக்கிறது.

எர்த் கம்பி இல்லாத அடாப்டரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. எர்த் இல்லாத படகில் கசியும் மின்சாரம் நீரில் இறங்கும். ஏரி, ஆறு போன்ற நன்னீர்த் துறைகளில் இது மிகக் கொடியது. ஏனெனில் நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதில் கடத்தும். நீந்துபவரின் கைகால்கள் செயலிழக்க, அவர் ஓசையின்றி மூழ்குவார். அமெரிக்க மின் விதித் தொகுப்பின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, படகுத்துறைகளில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் கசிந்தால் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும் என விதித்தது இதற்காகவே. கரை மின்சாரம் உள்ள துறையில் குழந்தைகளைக் குளிக்க விடுவது எந்நாட்டிலும் கூடாது.

இணைக்கும்போது தூணின் பிரேக்கரை முதலில் அணைத்து, கேபிளைப் படகின் பக்கம் மாட்டி, பிறகு கரைப் பக்கம் மாட்டிப் போட வேண்டும். கழற்றும்போது பிரேக்கரை அணைத்துவிட்டு, கரைப் பக்கமே முதலில். அடாப்டரின் இணைப்பு நீரில் தொங்காமல் மேடான இடத்தில் இருக்கட்டும். அரைமணி நேரம் கழித்துப் பிளக்கின் மேலுறையைத் தொட்டுப் பார்க்கவும். கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே தூணின் பிரேக்கரை அணைத்துவிட வேண்டும்.