புளூஸ் இசைக்கு நைலான் நரம்புக் கித்தார்

கருவி வாங்கச் செல்வோருள் அதனைக் கண்ணாற் கண்டு மகிழ்பவர் பலர். காதாற் கேட்டுத் தெளிபவர் சிலர். தம் கையினால் ஆராய்ந்து கொள்பவர் மிகச் சிலரே. கித்தார் பயில விழையும் மாணவர் நிலையும் இதற்கு விலக்கன்று. அவருள்ளும், அமெரிக்கக் கறுப்பின மக்களிடைத் தோன்றிய புளூஸ் இசையையும் எளிய நாட்டுப் பாடல்களையும் வாசிக்க விரும்புவோர்க்கு ஒரு தடை நேர்கின்றது. "நைலான் நரம்புடைய கித்தார் ஸ்பானியச் சாஸ்திரிய இசைக்கே உரியது, புளூஸுக்கு எஃகுத் தந்தியே வேண்டும்" என்று கடைக்காரரும் நண்பரும் ஒரே குரலாற் கூறுவர். இக்கூற்று பாதி உண்மை. பாதி உண்மையானது முழுப் பொய்யினும் மிக்க மயக்கந் தருமாதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இன்று நாம் காணும் நைலான் நரம்புக் கித்தாரின் வடிவை வகுத்தவருள் தலைசிறந்தவர் ஸ்பெயின் நாட்டு அல்மெரியாவைச் சார்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) என்பவர். மேற்பலகையின் உட்புறத்தே விசிறிபோல் விரியும் மெல்லிய மரக்கீற்றுக்களும், ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் நரம்பு நீளமும் அவர் கருவிகளால் நிலைபெற்றன. அந்நாளில் நைலான் இல்லை. விலங்கின் குடலைத் திரித்துச் செய்த நரம்பே கட்டப்பட்டது. 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸும் அவர் குழுவினரும் நைலானை ஆக்கினர். இரண்டாம் உலகப் போரின்போது குடல் நரம்பு காயங்களைத் தைப்பதற்கு வேண்டப்பட்டமையால் இசைவாணர்க்குக் கிடைத்தல் அரிதாயிற்று. 1940-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பார், பெருங்கலைஞர் ஆந்திரே செகோவியாவின் ஊக்கத்தோடு, நைலானால் நரம்பு செய்து அளித்தார். குடலின் இடத்தை நைலான் பெற்ற வரலாறு இதுவே.

அமெரிக்காவிலும் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கித்தாருக்குக் குடல் நரம்பே கட்டினர். அந்நாட்டில் 1833-இல் தொழில் தொடங்கிய மார்ட்டின் கம்பெனி, எஃகுத் தந்தி தாங்கும் கித்தார்களை வழக்கமாகச் செய்யத் தலைப்பட்டது 1920-களிலேதான். தென்னமெரிக்காவிலோ, ஆர்ஜென்டினாவின் அதாவால்பா யுபான்கி (1908–1992) போன்ற நாட்டுப் பாடகர் கையில் விளங்கியது ஸ்பானிய வகைக் கித்தாரே. ஆகவே, நாட்டுப் பாடலுக்கு எஃகே இயற்கை என்பார் வரலாற்றை மறந்தவராவர்.

எனினும், மறுப்பார் கூற்றிலுள்ள உண்மைப் பகுதியை நாம் மறைத்தல் தகாது. புளூஸ் இசை இசைத்தட்டிற் பதிவாகத் தொடங்கிய 1920-களில் எஃகுத் தந்தியே கித்தாரின் குரலாயிருந்தது. அவ்விசைக்கு உயிராவன இரண்டு: தந்தியை விரலாற் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்துதல் ஒன்று, கண்ணாடிக் குழலையோ கத்தியையோ தந்திமேல் வழுக்கி இசைத்தல் மற்றொன்று. எஃகு எளிதில் நீளாத பொருள். ஆதலின், சிறிது தள்ளினும் இழுவிசை பெரிதும் ஏறிச் சுரம் விரைந்து உயரும். நைலானோ நெகிழ்வுடையது, அவ்வளவே தள்ளினால் சுரம் சிறிதே உயரும். வழுக்கு குழலும் நைலான்மேல் மங்கிய ஒலியே தரும். இவ்விரண்டுமே தமக்கு வேண்டும் என்பார் எஃகுத் தந்திக் கருவியையே வாங்குக. அவர்க்கு வேறு கூறுதற்கில்லை.

ஆனால் புளூஸ் இவ்விரண்டோடு முடிவதன்று. கட்டைவிரல் கீழ்ச்சுரங்களை மாறி மாறித் தட்டித் தாளங் காக்க, மற்றை விரல்கள் மேலே பாட்டின் மெட்டைச் சொல்லும் முறையொன்று உண்டு. மிசிசிப்பி ஜான் ஹர்ட் (இறப்பு 1966) அம்முறையில் வல்லவர். அவர் வாசித்தது எஃகே எனினும், அம்முறை நைலானுக்கு மிக நன்றாகப் பொருந்தும். நைலானின் கீழ்நரம்பு உருண்டு திரண்டு ஒலிக்கும். மேல்நரம்பு பாடுவோன் குரலை மூடாது அதனோடு இயைந்து நிற்கும். வில்லி நெல்சன் என்னும் அமெரிக்கப் பாடகர் 1969-இல் வாங்கிய மார்ட்டின் என்-20 என்ற நைலான் கித்தாரையே தம் வாழ்நாட் கருவியாகக் கொண்டு, 2000-இல் பெரும்பாலும் புளூஸ் பாடல்களாலான ஓர் இசைத்தொகுப்பையும் வெளியிட்டார். நைலானில் புளூஸ் இல்லை என்பார்க்கு அக்கருவியே மறுமொழி.

இனி, தேர்வுக்கு வருவோம். நைலான் கித்தார் மூவகைப்படும். முதலாவது சாஸ்திரிய வகை: கழுத்து 52 மில்லிமீட்டர் அளவு அகன்றும், மெட்டுப்பலகை தட்டையாகவும் இருக்கும்; ஒலி நெடிது நிற்கும். இரண்டாவது ஃபிளாமெங்கோ வகை: உடல் இலேசானது, பின்பலகை பெரும்பாலும் சைப்ரஸ் மரம், நரம்பு தாழ்ந்து கிடக்கும், ஒலி சடுதியில் எழுந்து சடுதியில் அடங்கும். மூன்றாவது கலப்பு வகை: எஃகுக் கித்தார் பழகியோர்க்காகக் கழுத்தை 48 மில்லிமீட்டர் அளவிற்கு ஒடுக்கி, மெட்டுப்பலகையைச் சிறிது வளைவாக்கிச் செய்வது.

இம்மூன்றனுள் புளூஸும் நாட்டுப் பாடலும் வாசிப்பார்க்கு ஃபிளாமெங்கோ வகையே சிறந்தது என்பது எமது துணிபு. புளூஸின் தாள நடைக்கு வேண்டுவது நெடிதொலிக்கும் இனிமையன்று. அழுத்தமும் உடனடியான அடக்கமுமேயாம். மேலும், கையால் தட்டி வாசித்தற்கேற்ப மேற்பலகைமீது ஒரு காப்புத் தகடு அதில் ஒட்டப்பட்டிருக்கும். சாஸ்திரியக் கருவிக்கு அக்காப்பு இல்லை. வில்லி நெல்சனின் கித்தார் பல்லாண்டு மீட்டுகோல் உராய்ந்தமையால் மேற்பலகையிற் பெருந்துளை பெற்றுவிட்டதை உலகம் அறியும். கட்டைவிரலைக் கழுத்தின்மேல் வளைத்துக் கீழ்நரம்பை அழுத்தும் பழக்கமுடையார் மட்டும் கலப்பு வகையை நாடலாம். அகன்ற கழுத்தில் அது கைகூடாது.

வகை எதுவாயினும் கடையிலே செய்ய வேண்டிய சோதனைகள் சில உள. முதலாவது, 12-ஆம் மெட்டின் நேர்மேலே நரம்பை மெல்லத் தொட்டு எழுப்பும் மணியோசையும், அதே மெட்டை அழுத்தி எழுப்பும் ஓசையும் ஒன்றாயிருத்தல் வேண்டும். மாறுபடின் அக்கருவி என்றும் சுருதி சேராது. இரண்டாவது, அம்மெட்டின்மேல் நரம்பின் உயரத்தை நோக்குக. சாஸ்திரிய வகையில் தடித்த நரம்பு ஏறத்தாழ 4 மில்லிமீட்டரும் மெல்லியது 3 மில்லிமீட்டரும் உயர்ந்திருத்தல் வழக்கம். ஃபிளாமெங்கோவில் இதனினும் தாழ்வு. சிறிது மிகின் குதிரைமேலுள்ள எலும்புத் துண்டைத் தேய்த்துத் தாழ்த்தலாம். பெரிதும் மிகின் விட்டுவிடுக. மூன்றாவது, ஒவ்வொரு நரம்பையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி, அதிர்வொலி எழுகின்றதா என்று கேட்க. இறுதியாக, கூச்சத்தை விடுத்து ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே வாசித்துப் பார்க்க. குரலைத் தாங்காத கித்தார் நாட்டுப் பாடலுக்கு ஆகாது.

கைப்பொருள் சுருங்கிய மாணவர் எதற்குப் பணங் கொடுத்தல் வேண்டும்? மேற்பலகைக்கே. அது ஸ்புரூஸ் அல்லது சீடார் மரத்தின் முழுப்பலகையாயின் ஒலி நாளடைவில் மலரும். ஒட்டுப்பலகையாயின் அவ்வளர்ச்சியை எதிர்பார்த்தற்கில்லை. ஓரத்துச் சித்திரவேலையும் பளபளப்பும் ஒரு சுரத்தையேனும் கூட்டா. பின்பலகையும் பக்கமும் ஒட்டுப்பலகையாயினும் பொறுக்கலாம். மேற்பலகையில் மட்டும் விட்டுக்கொடுத்தல் கூடாது.

வாங்கியபின் காக்க வேண்டிய நெறிகளும் உள. நைலான் கித்தாரின்மேல் எஃகுத் தந்தி கட்டுதல் அதனைக் கொல்லுதலாகும். நைலான் நரம்புகள் ஆறும் ஒருங்கே இழுப்பது ஏறத்தாழ 40 கிலோகிராம். வழக்கமான எஃகுத் தந்திகளோ 70 கிலோகிராமுக்கு மேல் இழுக்கும். மேற்பலகை உப்பிக் குதிரை பெயர்ந்துவிடும். புது நரம்பு சின்னாள் நெகிழ்ந்து சுருதி இறங்கிக்கொண்டேயிருக்கும். அது கருவியின் குற்றமன்று. மரம் ஈரத்தில் வீங்கி வறட்சியிற் சுருங்குவதாகலின், கடற்கரையூர் மழைக்காலத்தும் உள்நாட்டுக் கோடையிலும் கருவியைப் பெட்டியினுள் வைத்தலே நலம்.

மாணவ நண்பர்களே! பிறர் குரலைப் போலப் பேசும் கருவியை நாடாதீர்கள். எஃகின் கூர்மையை நைலானிடத்துத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். நைலானின் கனிவை நைலானிடத்தே தேடுவோர்க்கு அது குறைவின்றிக் கிடைக்கும். துயரத்தைத் தாளத்தோடு சொல்லும் கலையே புளூஸ். அதனை உரத்த குரலிலுஞ் சொல்லலாம். அடங்கிய குரலிலுஞ் சொல்லலாம். அடங்கிய குரலிற் சொல்ல விரும்புவோர், கடைக்காரர் சொல்லுக்கும் நண்பர் நகைப்புக்கும் அஞ்சாது, தம் செவியையும் கையையும் சான்றாகக் கொண்டு நைலான் நரம்புக் கித்தாரை வாங்குவாராக.