மறைத்து வைத்த நற்செய்தி

“ஒரு குடும்பத்தார் தாங்கள் பெற்ற நன்மைக்காக இறைவனுக்கு நன்றி செலுத்துகின்றனர்.” திருப்பலிக் கருத்துகளுள் இந்த வரியை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எந்தக் குடும்பம், என்ன நன்மை என்று எவரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. இந்த அடக்கத்தைப் பக்தி என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இன்று அப்படி எண்ணவில்லை. ஊர் வாய்க்கு அஞ்சி நம் மக்கள் போட்டுக்கொள்ளும் முக்காடு அது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு சீட்டைப் பீடத்திலிருந்து வாசித்தேன். நன்றி செலுத்தியவர் எங்கள் பாடகர் குழுவில் இருபது ஆண்டுகளாகப் பாடி வந்தவர் என்பது மூன்று மாதங்கள் கழித்தே எனக்குத் தெரிந்தது. நுரையீரலில் புற்றுநோய். வலப்பக்க நுரையீரலின் மூன்று மடல்களுள் மேல்மடலை அறுத்து எடுத்திருந்தார்கள். நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவவில்லை என்ற பரிசோதனை முடிவும் வந்திருந்தது. ஒரு பங்கு கேட்டு மகிழ இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்? ஆனால் ஊருக்குச் சொல்லப்பட்டதோ, “நெஞ்சுச் சளிக்கு வைத்தியம்.”

அதே மாதங்களில் அடுத்த தெருவில் மற்றொருவருக்கும் இதே நோய். அறுவை செய்யலாம் என்றார் மருத்துவர். கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பழைய பொய்யை உறவினர் ஓத, அவர் நாட்டு மருந்து தேடி அலைந்தார். திரும்பி வந்தபோது அறுவைக்குரிய கட்டம் கடந்திருந்தது. அவரை அடக்கம் செய்தவன் நான். கல்லறைத் தோட்டத்து வாசலில் பாடகர் என் கையைப் பற்றிக்கொண்டு, “நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சாமி” என்றார். சொல்லியிருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார் என்று நான் வாதிட வரவில்லை. அதே நோய்க்குக் கத்தி பட்டு, மாடிப்படி ஏறி இறங்கும் ஒருவர் முப்பது வீடு தள்ளி இருக்கிறார் என்பதை அறியாமலே அவர் முடிவெடுத்தார். என் வழக்கு அவ்வளவுதான்.

ஏன் மறைத்தீர்கள் என்று பாடகரைக் கேட்டேன். அவருடைய பதில் என்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. முந்தைய தவக்காலத்தில் புகையிலையைக் கண்டித்து மறையுரை ஆற்றிய நான், புகைப்பவன் காசு கொடுத்துச் சாவை வாங்குகிறான் என்று முழங்கியிருந்தேன். அவர் புகைத்தவர்தான், விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. “செய்தியைச் சொன்னால் முதல் கேள்வியே அதுதானே, சாமி?”

மாரடைப்பு வந்தவரைப் பார்க்கப் போய், எத்தனை வடை தின்றீர் என்று நாம் கேட்பதில்லை. நுரையீரல் நோயாளிக்கு மட்டும் ஆரஞ்சுப் பழத்தோடு விசாரணையும் கொண்டுபோகிறோம். பார்வையற்றுப் பிறந்தவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். மூன்றாண்டுக்கு ஒருமுறை தவக்கால ஞாயிறொன்றில் அப்பகுதியை வாசிக்கிறோம். வாசித்துவிட்டுக் கோவில் படி இறங்கியதும் அதே கேள்வியைக் கேட்கிறோம்.

புகைத்தலே இந்நோயின் முதன்மைக் காரணம் என்பதில் ஐயமில்லை. பீடியே தொடாதவர்க்கும் இது வருகிறது என்பதும் உண்மை. வெளிக்காற்றின் மாசு புற்றுநோய்க் காரணி என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் அறிவித்தது. ஆனால் புகைக்காதவரை மாசற்றவர் என்று ஒருபக்கம் நிறுத்திவிட்டு, புகைத்தவரைக் கைவிட எனக்கு மனமில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1933 ஏப்ரல் 5 அன்று, எவார்ட்ஸ் கிரகாம் என்ற அறுவை மருத்துவர் ஜேம்ஸ் கில்மோர் என்ற மற்றொரு மருத்துவரின் இடப்பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் அகற்றினார். புற்றுநோய்க்காக அவ்வாறு செய்து வெற்றி கண்டது அதுவே முதன்முறை. அதை அவர் அதே ஆண்டிலேயே மருத்துவ இதழில் எழுதி உலகறியச் செய்தார். கில்மோர் அதன்பின் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். கிரகாமோ, புகைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் வைண்டர் என்பவருடன் சேர்ந்து மெய்ப்பித்தவர். அவரே நெடுநாள் புகைத்தவர். 1957இல் அதே நோயால் மறைந்தார். அவருடைய படுக்கையருகே நின்று, புகைத்தீரா என்று கேட்க நமக்கு நா எழுமா?

இன்னொரு பிழையும் உண்டு. ‘ஆபரேஷன் சக்சஸ்’ என்ற சொல் காதில் விழுந்ததும் நம் கடமை முடிந்ததென்று கலைந்துவிடுகிறோம். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. விலா எலும்புகளுக்கிடையே அறுத்த இடத்தில் வலி மாதக்கணக்கில் இருக்கலாம். சிரித்தால் வலி, இருமினால் வலி. ஆனாலும் இருமிச் சளியை வெளியேற்ற வேண்டும், நடந்து பழக வேண்டும். ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன் எடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் அந்த இரவுகளை எந்த மருத்துவமனையும் கணக்கெடுப்பதில்லை. அன்பியக் கூட்டத்தில் ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்கிறோம், நல்லதே. மாலையில் அவரோடு தெருமுனை வரை நடக்க ஒருவர், ஸ்கேன் நாளன்று துணைக்கு ஒருவர், அவர் மனைவி உறங்கினாரா என்று கேட்க ஒருவர், இந்த மூவர் கிடைப்பதில்லை.

அறுவைக்கு முன் குருவை அழைக்கும் வீடுகளும் அரிதே. நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லிவிட்டது. நம் வீடுகளில் அது இன்னும் அவஸ்தைப்பூசுதல்தான். சாமியார் படியேறினாலே நோயாளி பயந்துவிடுவார் என்கிறார்கள்!

நோய் அவரவர் அந்தரங்கம் என்று சிலர் மறுக்கலாம். ஒப்புகிறேன். பங்குத்தந்தைக்கோ பங்குப்பேரவைக்கோ அதைப் பறைசாற்றும் உரிமையில்லை. சொல்வதும் சொல்லாததும் நோயாளியின் விருப்பம். ஆனால் வேளாங்கண்ணிக்குப் போய்ப் பாருங்கள். காணிக்கைகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் கூடத்தில் வெள்ளியில் செய்த உறுப்புகளோடு, பெயரும் நோயும் எழுதிய நன்றிக் கடிதங்கள் இருக்கின்றன. முகமறியாத யாத்திரிகருக்குச் சொல்லத் துணிந்தவர், சொந்தப் பங்கில் வாய் திறக்க அஞ்சுகிறாரென்றால் அந்த அச்சத்தை ஊட்டியவர் யார்?

என் மறையுரைக்காகப் பாடகரிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த பிப்ரவரி 11, உலக நோயாளர் நாள் திருப்பலியின் இறுதியில் அவராகவே எழுந்து வந்தார். நோயின் பெயரைச் சொல்லி, புகைத்ததையும் சொல்லி, நான்கு நிமிடம் பேசினார். இடையில் இருமுறை மூச்சு வாங்க நின்றார். மக்கள் கலைந்தபின் பக்கவாசலருகே ஒரு பெண்மணி கையில் எக்ஸ்ரே உறையோடு காத்திருந்தார். நெஞ்சில் போட்ட குழாயை எத்தனை நாள் வைத்திருந்தார்கள் அண்ணே என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. நான் விளக்குகளை அணைக்காமல் அறைக்குப் போய்விட்டேன்.