தலையில் கை வைத்தவர் யார்?

குருப்பட்டம் பெற மண்டியிட்டவரின் தலையில் கை வைத்தவர் யார்? தென்னிந்தியச் சீர்திருத்தச் சபைகளின் ஒற்றுமைப் பேச்சு, 1919 முதல் 1947 வரை 28 ஆண்டுகள் சுற்றிச் சுற்றி வந்து நின்றது இந்தக் கேள்வியில்தான். வெளியே இருப்பவருக்கு இது வீண் வழக்காகத் தெரியும். ஒரே வேதம், ஒரே இரட்சகர், பிறகென்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஆங்கிலிக்கன் மரபில் பேராயர் என்பவர் வெறும் நிர்வாகி இல்லை. அப்போஸ்தலர் காலந்தொட்டு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் ஒரு பொறுப்பு அவரிடம் இருக்கிறது. அந்தத் தொடர்ச்சிக்கு வெளியே குருப்பட்டம் பெற்றவர் நடத்தும் திருவிருந்து செல்லுமா என்ற ஐயம் அவர்களில் ஒரு சாராருக்கு உண்டு. காங்கிரிகேஷனல் சபையாரிடம் கேட்டால், ஊழியரை அழைக்கும் அதிகாரம் கூடிவந்திருக்கும் விசுவாசிகளுக்கே என்பார்கள். பிரஸ்பிட்டேரியன்கள் அதை மூப்பர் மன்றத்திடம் வைத்தார்கள், மெதடிஸ்டுகள் தங்கள் மாநாட்டிடம்.

இவர்களைப் பார்த்து, "ஒன்றாகச் சேருவோம், எங்கள் பேராயர் கைவைத்து உங்களுக்கு மறுபடியும் குருப்பட்டம் தருவார்" என்றால் அதன் பொருள் என்ன? நேற்றுவரை நீங்கள் பகிர்ந்து கொடுத்தது வெறும் அப்பமும் திராட்சரசமும்தான் என்பதே. ஆயுளெல்லாம் கிராமம் கிராமமாக நடந்து, ஞானஸ்நானம் கொடுத்து, சாவு வீடுகளில் ஜெபித்த ஒரு முதிய போதகரிடம் இதைச் சொல்ல முடியுமா? அவர் மறுத்தது கௌரவத்துக்காக என்று நினைத்தால் தவறு. அவர் கையால் திருவிருந்து வாங்கி, அந்த நம்பிக்கையோடு கண்மூடியவர்களின் பேரில் அவர் மறுத்தார்.

இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்ற குரல் 1919 மே மாதம் தரங்கம்பாடியில் எழுந்தது. அங்கே கூடிய 33 பேரில் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் இந்தியர். முன்னின்றவர்களில் ஒருவர் வே. ச. அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். இந்தப் பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, நமக்கு வந்து சேர்ந்தவை என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். நம்மூர் நிலவரம் அதற்குச் சாட்சி. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் மிஷன்கள், நாகர்கோவிலில் லண்டன் மிஷன், மதுரையில் அமெரிக்கன் மிஷன். ஒரு குடும்பம் எந்தச் சபை என்பதைப் பெரும்பாலும் அந்த மிஷன் எல்லைகளே முடிவுசெய்தன. உபதேசத்தை ஆராய்ந்து பார்த்துச் சபையைத் தேர்ந்தவர்கள் மிகக் குறைவு.

முடிவில் எட்டிய வழி இது. பேராயர் பதவியை எல்லோரும் ஏற்பது. அந்தப் பதவிக்கு இன்னதுதான் விளக்கம் என்று யாரையும் கட்டாயப்படுத்தாமல் இருப்பது. ஒன்றிப்பு நாளில் ஊழியத்தில் இருப்பவர் எவருக்கும் மறுபடி குருப்பட்டம் இல்லை. அன்று முதல் புதிதாக வருபவர்களுக்குப் பேராயர் கைவைப்பார். இருவகை ஊழியர்களும் அருகருகே பணிசெய்ய 30 ஆண்டு இடைக்காலம். எந்தச் சபைமீதும் அதன் மனசாட்சி ஒப்பாத ஊழியரைத் திணிப்பதில்லை என்று ஒரு வாக்குறுதியும் சேர்ந்தது.

இங்கிலாந்தில் இதற்குக் கடும் எதிர்ப்பு. கவிஞர் டி. எஸ். எலியட் 1943இல் ஒரு சிறுநூலே எழுதிக் கண்டித்தார். தெளிவில்லாத உடன்பாடு சபையைக் குலைத்துவிடும் என்ற அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆனாலும் தென்னிந்தியர் கண்ட வழியே சரி என்பது என் முடிவு. பேராயர் பதவியின் பொருளைப் பற்றி அவர்கள் வேறுபட்டார்கள்; அந்த வேறுபாட்டை மறைக்கவில்லை. எதிரே இருப்பவரின் ஊழியத்தில் தேவன் செயல்படவில்லை என்று சொல்ல மட்டும் மறுத்தார்கள். அதைச் சொல்லவைத்துப் பெறும் ஒற்றுமை எனக்கு ஒற்றுமையாகத் தெரியவில்லை.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் போதகர் லெஸ்லி நியூபிகின் மதுரை–இராமநாதபுரம் பேராயரானார். அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணச் சபைக்குச் சபாபதி குலேந்திரன். அசரியா அந்த நாளைக் காணவில்லை. 1945 ஜனவரி 1 அன்று அவர் காலமாகியிருந்தார்.

லுத்தரன் சபைகள் இந்த ஒன்றிப்பில் சேரவில்லை. பேராயர் பதவியை வெறுத்து விலகினார்கள் என்று சிலர் எண்ணுவது பிழை. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு 1921 முதலே தரங்கம்பாடிப் பேராயர் உண்டு. அவர்களுடைய கேள்வி வேறு: நீங்கள் போதிப்பது என்ன? சுவிசேஷத்தின் போதனையிலும் திருவிருந்து, ஞானஸ்நானத்திலும் ஒருமனப்பட்டால் ஒற்றுமைக்கு அதுவே போதும், அது இல்லாவிட்டால் வேறெதுவும் போதாது என்பது 16ஆம் நூற்றாண்டிலிருந்து அவர்கள் நிலை. ஆகவே 1948இல் இரு தரப்பும் பேச உட்கார்ந்தன. நியாயப்பிரமாணமும் சுவிசேஷமும், கர்த்தருடைய பந்தி எனத் தலைப்புத் தலைப்பாக, பத்தாண்டுக்கு மேல். ஒப்புக்கொண்ட அறிக்கைகளும் எழுதப்பட்டன. ஒன்றிப்பு மட்டும் வரவில்லை.

1947இல் உபதேசத்தில் முழு உடன்பாடு இல்லாமலே சேர்ந்தார்கள். லுத்தரன் பேச்சிலோ உபதேசத்தில் பெருமளவு உடன்பட்டும் சேரவில்லை. அப்படியானால் இன்றைய பிரிவுக்கு உபதேசத்தை மட்டும் காரணம் காட்டுவது நேர்மையாகாது. அந்த அறிக்கைகள் இறையியல் கல்லூரிகளின் அலமாரியை விட்டு வெளியே வரட்டும். எளிய தமிழில் அச்சிட்டு, ஒரே தெருவில் இருக்கும் இரு சபைகளின் வேதபாட வகுப்புகள் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கட்டும். எந்த வரியில் நமக்கு இன்னும் கருத்துவேறுபாடு என்று அவர்கள் விரல் வைத்துக் காட்டட்டும்.