பச்சை மட்டும் போதுமா?

நம் பல்கலைக்கழகத்திற்கு வருவோர் முதலில் பாராட்டுவது வளாகத்தின் பசும்புல் தரையைத்தான். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் நினைவு வரும். அவர் ஒரு குத்தகையாளரிடம் புல் வெட்டும் தொழிலாளி. அந்த வருமானத்தில்தான் நான் தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்து இங்கு வந்தேன். அப்படிப்பட்ட நான் புல்தரையைக் குறைக்க வேண்டும் என்று எழுதலாமா? எழுதத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் பரவலாக நடப்படும் அகன்ற இலை மாட்டுப்புல், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. அது பூத்து விதை பிடிக்கும் முன்னரே வெட்டிவிடுகிறோம். பூவும் விதையும் இல்லாத இடத்தில் வண்டுக்கும் குருவிக்கும் என்ன வேலை?

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. எங்கள் தாமானில் பல வாரங்கள் புல் வெட்டப்படவில்லை. புல் முழங்கால் உயரம் வளர்ந்ததும் சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்து விதைகளைக் கொத்தின. நானும் தங்கையும் சன்னலோரம் நின்று அவற்றை எண்ணுவோம். எங்களுக்குப் பின்னால் அப்பா சம்பளமின்றி உட்கார்ந்திருந்தார். குருவிக்கு விருந்து, எங்கள் வீட்டில் கஞ்சி. இரண்டையும் ஒருசேரப் பார்த்தவன் நான்.

புல்லை அப்படியே வளரவிடச் சொல்லவில்லை. விளையாட்டுத் திடல் திடலாகவே இருக்கட்டும். யாரும் கால் வைக்காத விடுதிச் சரிவுகளில் இம்மண்ணுக்குரிய செடிகளை நடலாமே! செண்டுடுக்கையே எடுத்துக்கொள்வோம். அதன் ஊதாப் பூவைத் தேடிக் கருவண்டு வரும். பழத்தைத் தேடிக் கொண்டைக்குருவி வரும். தோட்டத்தில் வளர்ந்த நம் பாட்டிமார்களைக் கேளுங்கள், அந்தப் பழம் தின்று நாக்குக் கறுத்த கதையைச் சொல்வார்கள். சிங்கப்பூரில் சாலையோரங்களிலேயே காட்டின் அடுக்குகளைப் போல மரமும் புதரும் நட்டு, பறவைகளுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் வழி அமைத்திருக்கிறார்கள்.

"புதர் வந்தால் டிங்கி வருமே" என்பார்கள். ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். பூச்சட்டித் தட்டிலும் வீசியெறிந்த போத்தலிலும் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. அது புல்தரை உள்ள இடத்திலும் செய்ய வேண்டிய வேலைதான்.

என்னை உறுத்தியது வேறு கேள்வி. புல் குறைந்தால் அப்பாவைப் போன்றவர்களின் பிழைப்பு? தயங்கித் தயங்கி அவரிடமே கேட்டேன். அவர் சிரித்தார்.

"செண்டுடுக்க நட்டுட்டா முடிஞ்சிருமாடா? கொடி ஏறும், கண்டதும் முளைக்கும். எது செடி, எது களைன்னு தெரிஞ்சவன் கையாலதான் பிடுங்கணும். மிஷின் ஓட்டத் தெரிஞ்சா மட்டும் பத்தாது."

அன்றுதான் எனக்குப் புரிந்தது. புல்தரை அப்பாவின் கையை மட்டுமே கேட்டது. செடிகள் அவருக்குத் தெரிந்ததையும் கேட்கும். ஆனால், குத்தகையில் எழுதப்படாத வேலைக்குச் சம்பளம் வராது.

ஆகவே, நண்பர்களே, நம் கழகம் நிர்வாகத்திற்கு ஒரு கோரிக்கை வைக்கட்டும். ஒரே ஒரு சரிவை நாட்டுச் செடிகளுக்கு ஒதுக்கச் சொல்வோம். இப்போது அங்கே புல் வெட்டுபவருக்கே, குறையாத சம்பளத்தில், அச்செடிகளைப் பராமரிக்கும் பொறுப்பைக் கொடுக்கச் சொல்வோம். முதல் கோரிக்கையை மட்டும் வைத்து இரண்டாவதை மறந்தால், குருவிக்குக் கூடு கட்ட ஒரு வீட்டின் அடுப்பை அணைத்தவர்களாவோம்.